அத்தான் வீட்டு டெக்கும் இரண்டாவது டப்பாவும்

"அங்கிள், யூ ஓகே ஆர் நாட்?"

இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு சீனப் பெண்மணி எட்டிப் பார்த்துக் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. கீழே நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் பிரஷ். இடுப்பில் பழைய அரை டிரவுசர். என்னைச் சுற்றிக் குங்குமச் சிவப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது — வடிகால் வரைக்கும்.

கையை ஆட்டி, "ஓகே, ஓகே" என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய்க் கணவரையும் கூட்டி வந்து காட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

உண்மையில் நான் ஓகே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் அக்கா வீடு பொங்கோலில், காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறது. தரைத்தள வீடுகளுக்கு ஹாலை ஒட்டி வெளியே கொஞ்சம் திறந்தவெளி கிடைக்கும். அதில் அக்காவின் கணவர் — என் அத்தான் — பலகைகள் பதித்து ஒரு மரத்தளம் போட்டு வைத்திருக்கிறார். டெக் என்பார்கள். நான் இருப்பது கிளமெண்டியில், பன்னிரண்டாவது மாடியில். மரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் வீட்டில் அடிக்கடி கைபடும் ஒரே மரச்சாமான் சப்பாத்திக் கட்டைதான்.

நம் ஊர் வெயிலும் நம் ஊர் மழையும் மரத்தைச் சும்மா விடுமா? ஒரே வருடத்தில் பலகைகள் சாம்பல் பூத்துவிடும். ஓரங்களில் கறுப்பாகப் பாசி பிடிக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை அத்தான் லீவு போட்டுவிட்டு உட்கார்வார். தேய்த்துக் கழுவி, மரத்தின் சொந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து, காயவிட்டு, அப்புறம்தான் சாயம் பூசுவார். யாரையும் பிரஷ்ஷைத் தொட விடமாட்டார். கல்யாணமான புதிதில் தன் முகத்தைக்கூட இவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்பது அக்காவின் நிரந்தரப் புகார்.

போன மாதம் அவர்களுடைய ஒரே மகள் பிரியாவுக்குக் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, நலங்கு. அந்த டெக்கில்தான் வைத்தோம். நலங்கு என்றால் மஞ்சள்... கிண்ணம் கிண்ணமாக மஞ்சள். நான் தாய்மாமன் என்பதால் எனக்குத்தான் முதல் மரியாதை. இந்தத் தாய்மாமன் பதவி ஒரு மாதிரியானது. வருடம் முழுக்க ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். விசேஷத்தன்று மட்டும் நடுவில் நிறுத்தி, சந்தனம் பூசி, போட்டோ எடுப்பார்கள். கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்யும்.

மஞ்சள் கிண்ணத்தை நான் கையில் எடுத்த நேரம் பார்த்து, அத்தான் ஒரு கட்டுப் பழைய நியூஸ்பேப்பரோடு வந்தார். எல்லாரும் கொஞ்சம் எழுந்தால் கீழே விரித்துவிடுவேன், மஞ்சள் மரத்துக்குள் இறங்கினால் போகாது என்றார். பணிவாகத்தான் சொன்னார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சுற்றி நாற்பது பேர். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"பொண்ணைக் கட்டிக் குடுக்குற நேரத்துல பலகைக்காக அழுவுறீங்களே அத்தான். உங்களுக்குப் பொண்ணு பெருசா, கட்டை பெருசா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரியாவும் சிரித்தாள். அத்தானும் ஒரு மாதிரி சிரித்தார். பேப்பர் கட்டைக் கதவுக்கு உள்பக்கம் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். நலங்கு முடிகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

அன்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோக்கள் வந்து குவிந்தன. நூற்றுக்கு மேலே இருக்கும். நான் மஞ்சள் பூசுவது, நான் சிரிப்பது, நான் மாலையோடு நிற்பது... ஒன்றில்கூடப் பெண்ணைப் பெற்றவர் இல்லை. இரண்டு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஞாயிறு பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு அத்தான் ஒரு வாசகர். காலை ஏழரைக்குள் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் வரும். பிரமாதம் என்றோ சுமார் என்றோ ஒரு வார்த்தை இருக்காது. நல்ல பத்திக்கும் ஒரு விரல், சொதப்பல் பத்திக்கும் அதே விரல். நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

நலங்குக்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் போயின. விரல் வரவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் எதிரே வந்தவர், "சாப்டியா?" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கேட்பாரே, அந்த மாதிரி. முப்பது வருடப் பழக்கம். ஒரு வாய்ப்பேச்சில் அதை நான் தொலைத்துவிட்டேனோ என்று பயமாகவே இருந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் நம் வீடுகளில் யார் வாயால் மன்னிப்புக் கேட்கிறார்கள்? பழம் வாங்கிக்கொண்டு போவோம். ஃபேன் ரிப்பேர் பண்ணிக் கொடுப்போம். ஏர்போர்ட்டுக்குக் காரில் கொண்டுபோய் விடுவோம். கேட்டதாக நாமும், கொடுத்ததாக அவர்களும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி ஒரு வாய்ப்பு எனக்கும் வந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த மூட்டு அறுவை சிகிச்சைக்காக அத்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வியாழக்கிழமை வீடு திரும்புவதாக ஏற்பாடு. இந்த வருடம் அவரால் மண்டியிட முடியாது. அவர் வருவதற்குள் டெக்கைக் கழுவி வைக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். உனக்குத் தெரியுமாடா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நாலு வீடியோ பார்த்திருக்கிறேன் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டாள், பாவம்.

தேக்கா பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடை. கடைக்காரர் நம் ஆள். டெக் கழுவ வேண்டும் என்றதும் இரண்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதலாவது கிளீனர் — அழுக்கையும் பாசியையும் பழைய சாயத்தையும் எடுப்பது. இரண்டாவது பிரைட்டனர் — கிளீனர் போட்டுக் கறுத்த மரத்தைத் திரும்ப வெளுக்க வைப்பது. இரண்டும் ஒரு ஜோடி, ஒன்றைப் போட்டால் மற்றதையும் போட வேண்டும் என்றார்.

எனக்குத் தெரியாதா இந்த வியாபாரம்? ஷாம்பு வாங்கப் போனால் கண்டிஷனரையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிற உலகம். என் வழுக்கையைப் பார்த்த பிறகும் என்னிடம் கண்டிஷனர் விற்கப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று போதும் என்றேன்.

"அப்புறம் மரம் கறுத்துப் போச்சுன்னு வந்து நிக்கக் கூடாது லா" என்றார் அவர். ஒரு டப்பாவோடு எம்ஆர்டி ரயில் ஏறிப் பொங்கோலுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை. வேலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பூந்தொட்டிகளை ஒதுக்கினேன். பெருக்கினேன். மரத்தை நனைத்து, பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கம்பி பிரஷ் கூடாது, கம்பித் துணுக்கு மரத்தில் தங்கினால் துருப்பிடிக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் நார் பிரஷ்தான். நுரை பொங்கியது. சாம்பல் நிறம் கரைந்து ஓடியது. நாம்கூட இதை ஒரு தொழிலாகச் செய்யலாம் போலிருக்கிறதே என்று நினைத்த அந்த நிமிடத்தில்... கதவுக்குப் பக்கத்தில், நலங்கன்று பிரியாவை உட்கார வைத்த இடத்தில், மரம் சிவக்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு சொட்டு. அப்புறம் ஒரு தட்டு அளவு. அப்புறம் ஒரு பாய் அளவு.

மூன்று வாரத்து மழையில் மஞ்சள் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அத்தான் சொன்னது போலவே மரத்துக்குள் இறங்கியிருந்தது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் என்ன ஆகும்? ஆரத்தி! இந்தக் கிளீனரும் சுண்ணாம்பு ஜாதிதான். பிறந்ததிலிருந்து ஆரத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சயின்ஸும் படித்தேன். இரண்டும் என் மண்டைக்குள் ஒரு நாள்கூடச் சந்தித்துக்கொண்டதில்லை. தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவியது. மிச்சப் பலகைகளோ ஊறிய தேயிலை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. மாடிப் பெண்மணி எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தேன். அவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. டெக் செவந்து போச்சாம் என்று பக்கத்தில் படுத்திருந்தவரிடம் உரக்கச் சொன்னாள். பிறகு போனில் அத்தான் குரல் வந்தது.

"ரெண்டாவது டப்பா போட்டியா?"

"வாங்கல, அத்தான்."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "தேய்க்கிறத நிறுத்து. மரம் காயாம தண்ணி விட்டுக்கிட்டே இரு. பாம் ஷெல்ட்டர்ல கீழ்த்தட்டு, நீல மூடி. போன வருஷத்து மிச்சம் இருக்கும். கிளவுஸ் போட்டுக்க."

பாம் ஷெல்ட்டர் என்பது, குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கெட்டிச் சுவரோடு கட்டிக் கொடுத்திருக்கும் அறை. நாம் அதில் அரிசி மூட்டையும் ஓடாத ஃபேனும் வைத்திருப்போம். அந்தக் குவியலுக்குள் நீல மூடி இருந்தது. அவர் சொன்ன அளவில் கலந்து ஊற்றினேன்.

இது எலுமிச்சம்பழ ஜாதி. கண்ணெதிரே சிவப்பு அடங்கி மஞ்சளாயிற்று. மஞ்சளும் மெல்ல வெளிறியது. கறுத்துக் கிடந்த பலகைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து, வறுத்த வேர்க்கடலையின் நிறத்துக்கு வந்தன. இருபது நிமிடம் அத்தான் போனை வைக்கவே இல்லை. என்ன கலர் என்பார். சொல்வேன். இன்னொரு தடவை ஊற்று என்பார். கடைசியில், "போதும், நல்லா அலசு" என்றார். வைத்துவிட்டார்.

அலசிவிட்டு ஈர டிரவுசரோடு படியில் உட்கார்ந்திருந்தேன். நம்மில் சிலர் இருக்கிறோம். "மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்லிடுவேன், எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள். எல்லாரும் முதல் டப்பாக்காரர்கள். ஊற்றுவோம், தேய்ப்போம், போய்விடுவோம். எதிராளி கறுத்துப் போய் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது டப்பாவும் வேலையில் சேர்த்தி என்று யாராவது சொன்னால், அது வியாபார தந்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வியாழக்கிழமை அத்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நேரே கண்ணாடிக் கதவுக்குப் போய் நின்றார். டெக்கை ரொம்ப நேரம் பார்த்தார். பேசாமல் விட்டிருந்தால் அவரும் விட்டிருப்பார். வேலை செய்து கொடுத்தாயிற்று, கணக்கு நேர். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தான், பிரியா நலங்கு போட்டோவுல நீங்க இல்ல. அதுக்கு நான்தான் காரணம். அத்தனை பேர் முன்னால உங்கள அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

அவர் டெக்கைப் பார்த்தபடியே, "ரெண்டு நாள் நல்லாக் காயணும், ரவி" என்றார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அக்கா தேநீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அதிர்ஷ்டம், இரண்டு நாளும் மழை இல்லை. சனிக்கிழமை சாயம் பூசப் போனேன். அத்தான் காலை நீட்டிக்கொண்டு கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாயம் டைல்ஸில் சொட்டாமல் ஓரமெல்லாம் பேப்பர் விரிக்கச் சொன்னார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. நலங்கன்று அவர் வைத்த அதே சுவரோரத்தில்தான் பேப்பர் கட்டு இருந்தது. அதன்மேல் தனியாக மடித்த மூன்று பேப்பர்கள். கையை நீட்டினேன்.

"அந்த மூணு ஞாயித்துக்கிழமை பேப்பரை மட்டும் எடுக்காத. இன்னும் படிக்கல."

கோபத்தில் படிக்கவில்லை; ஆனால் மனிதர் தூக்கிப் போடவும் இல்லை. பிரஷ்ஷைப் பிடித்தபடி நான் அப்படியே நின்றதில் வெறும் டைல்ஸில் இரண்டு சொட்டு சாயம் விழுந்தது. அதற்கு நன்றாகத் திட்டு வாங்கினேன். திட்டு கேட்கச் சுகமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு இருபதுக்குப் போன் சத்தம் போட்டது. பாய்ந்து எடுத்துப் பார்த்தேன்.

நாலு வாரப் பத்திக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டைவிரல்... கஞ்சன்!