எட்டு லிங்கமும் என் பழைய காரும்

போன வருஷம் சித்திரை மாதம். திருவண்ணாமலையில் பெரிய கோபுரத்துக்கு எதிரே, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் என் மானம் கப்பலேறியது.

நான் கீழ்பென்னாத்தூரில் பிஸிக்ஸ் டீச்சர். கொஞ்சம் கார் கிறுக்கு. ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்றார். இரண்டே பேர்தான் உட்காரலாம். வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதில் கொட்டி, தெரிந்த மெக்கானிக்குகளையெல்லாம் நச்சரித்து ஓடவைத்தேன். என் மாமியாருக்கு அது ஆகவே ஆகாது. "குடும்பமே ஏற முடியாத வண்டி எதுக்கும்மா?" என்பார்.

வாகன பூஜைக்கு வீட்டிலிருந்து ஓட்டிவந்தேன். வெயிலில் நிறுத்தி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடியும் 'டக்'. கடைசியில் பூக்காரம்மாக்கள் சிரித்துக்கொண்டே தள்ளித்தான் பழம் நசுங்கியது.

"தள்ளி நசுக்கறதெல்லாம் கணக்குல வராது. சாமி முன்னாடியே நின்னுடுச்சு, வித்துடு" என்றார் மாமியார். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. என் கணவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்ததும் கார் ஒன்றுமே நடக்காதது போல எடுத்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

ஆளாளுக்கு பேட்டரி என்றார்கள். புது பேட்டரி போட்டும் அதே கதைதான். ஆறியிருந்தால் எடுக்கும், ஓடி நின்றால் மக்கர். ஒருநாள் சூடாக இருக்கும்போதே செல்ஃப் மோட்டார் மேல் ஈரத்துணியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. மோட்டாரை உரசுகிற மாதிரி சைலன்சர் பைப் போகிறது. கம்பி சூடானால் மின்தடை கூடும், கரண்ட் கம்மியாகும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறவள் நான்.

பைப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் தகரத்தை வெட்டி மறைப்பு வைத்தேன். தடிமனான ஒயர் இழுத்து, ஒரு ரிலே ஸ்விட்ச் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். எல்லாம் என் கையால்.

மாமியாரிடம் போனேன். "அத்தை, கிரிவலப் பாதையில என்கூட வாங்க. எட்டு லிங்கத்துலயும் நிறுத்தி, இன்ஜினை அணைச்சு மறுபடி எடுக்கறேன். ஒரு இடத்துல எடுக்கலன்னாலும் வித்துடறேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கத்திரி வெயில் கொளுத்தியது. இந்திர லிங்கத்தில் எடுத்தது. அக்னி லிங்கத்திலும் எடுத்தது. எம லிங்கத்தில் மாமியார் வேண்டுமென்றே நின்று நிதானமாகக் கும்பிட்டார். வெளியே கார் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கேயும் எடுத்ததும், "இங்கதான் போயிடும்னு நெனச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிதான் பட்டது. ஆனால் அடி அண்ணாமலை தாண்டும்போது, நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அவரே கை காட்ட ஆரம்பித்துவிட்டார்.

கடைசி, ஈசான்ய லிங்கம். இவ்வளவு தூரம் வந்து இங்கே கவிழ்த்துவிட்டால் என்ற பயம் எனக்கு. சாவியைத் திருப்பப் போனேன்.

"இரு" என்றார்.

கைப்பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். முட்டி வலியோடு குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தானே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப எடும்மா."

ஒரே திருப்பு. உறுமிக்கொண்டு எடுத்தது. நாலு பழமும் நசுங்கின. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என் மருமவ ரிப்பேர் பண்ண வண்டி" என்று பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம், அவர் கேட்காமலேயே, மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் வகுப்பில் மின்தடை பாடம் வந்தால் என் குரல் தானாகவே கொஞ்சம் உயர்கிறது. நான் சொல்வது பொய்யில்லை என்பதற்கு எட்டு லிங்கமும் என் மாமியாரும் சாட்சி.