உருட்டிவிட்ட பலா

அழைப்பில்லாத கிரகப்பிரவேசத்துக்கு, போன மாதம் கள்ளக்குறிச்சியில், சுவர்க்கடிகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நான் போய் நின்றதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வாழ்த்தப் போகவில்லை. மரக் கான்ட்ராக்டரின் புது வீட்டுத் தலைவாசல் நிலை வெடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

வெடித்திருந்தது. மாவிலைத் தோரணத்தை விலக்கி, பிளவில் நகத்தை விட்டுப் பார்த்தேன், முழுசாகப் போனது. அன்றைக்குப் பாயசம் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

வார்னிஷுக்கு அடியில் பலாக்கட்டை வாசனை வந்தது. வெள்ளிமலைக்கு மேலே எங்கள் கொல்லையில் நின்று, அவருக்கு நான் விற்ற மரம் அது. அப்பா காலத்தில் வெட்டிய மரத்தைக் கோடையில், மண் இறுகிக் கிடக்கும்போது, மாடு கட்டிச் சுற்றுவழியில் இழுப்பார்கள். மரம் நோகாது, அடியில் முளைத்த கன்றும் நோகாது, மாடுதான் நொந்துகொள்ளும். இந்தக் கான்ட்ராக்டரோ ஐப்பசி ஈரத்தில் வந்தார். மாடு கட்டச் சொன்னேன்.

"இன்னா சார் நீங்க, மாடு கட்டுனா பொங்கலுக்குத்தான் கீழ வந்து சேரும். உருட்டி வுட்டா அதுவே போயிடும்."

முன்பணம் வாங்கியிருந்த வாய், அதற்கு மேல் திறக்கவில்லை. உருட்டினார்கள். வழியிலிருந்த பலாக்கன்றுகள் அத்தனையும் நசுங்கின. நின்ற கடுக்காய் மரங்களின் பட்டை உரிந்தது. இருப்பதிலேயே பெரிய கட்டை பாறையில் மோதி, உள்ளுக்குள் ஏதோ முறிந்தாற்போல் ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இது நம்ம வூட்டு நிலைக்கு," என்று அந்தக் கட்டையைத் தட்டினார். நல்ல தேர்வு என்று மனதாரச் சொன்னேன்.

அடுத்த மழையில் உருட்டின தடம் ஓடையானது. மேல்மண் முழுக்கக் கல்லோடு இறங்கி, எங்களுக்குக் கீழே பயிர் வைக்கும் அஞ்சலையின் சாமைக் கொல்லையை மூடியது. இப்போது ஆனி மாதத்தில் அங்கே போனால் பழ வாசனை கிடையாது. உரிந்த கடுக்காய் மரங்களும் ஒவ்வொன்றாய் உளுத்து விழுந்துவிட்டன.

விசேஷத்துக்கு மறுநாளே பஸ் பிடித்து மலையேறினேன். அஞ்சலை தன் கொல்லையில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிலை வெடித்த கதையை, நகம் போன ஆழம் வரைக்கும் ரசித்துச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"அவுரு அந்த வெடிப்ப பட்டி பூசி அடைச்சிப்பாருண்ணா. மரம் உருட்டுன தடத்துல வுழுந்த இந்தப் பள்ளத்த நான் இன்னாத்த வச்சி அடைக்கிறது? சும்மா நிக்கிறதுக்கு அந்தக் கல்ல எடுத்து இப்பிடி போடுங்க."