ஒரு மணி நேரக்காரன்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் கணக்கு விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். வகுப்பில் நடத்துவது போக, ஒவ்வொருவனும் தனியாக உட்கார்ந்து தினம் எத்தனை மணி நேரம் படிக்கிறான்? முன் பெஞ்சிலிருந்து வரிசையாக எழுந்து சொல்ல வேண்டும். ஐந்து என்றான் ஒருவன். ஆறு என்றான் அடுத்தவன். வக்கீல் வீட்டுப் பையன் ஒருவன் ஏழு என்றான். அவன் சாயங்காலமெல்லாம் டென்னிஸ் மட்டையும் கையுமாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். என் முறை வந்தபோது ஒரு மணி நேரம் என்றேன். பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. கேட்கிறவர் காரணத்தையும் கேட்பார் என்று நம்பினேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. என்னை நின்றபடியே இருக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டால் வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் அது கல்லூரிப் படிப்பே அல்ல என்று இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். பேசி முடித்துத் தமிழில் எனக்கு ஒரு பெயர் வைத்தார். ஒரு மணி நேரக்காரன். மணி அடித்து வெளியே வருவதற்குள் அந்தப் பெயர் பக்கத்து வகுப்புக்கும் போய்விட்டது.

காரணம் இதுதான். புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகிற சாலையில் ஆறு மைலில் எங்கள் ஊர். கிணற்றுப் பாசனம். விடியுமுன் மாட்டை வடக்கயிற்றில் கட்டி, கிணற்றுத் தண்ணீரைத் தோல் சாலில் இழுத்துக் கவலை இறைக்கத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை சால் மேலே வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டிருந்ததால் மாட்டை முன்னும் பின்னும் ஓட்டுவது என் வேலை. பிறகு குளித்து, பழையது சாப்பிட்டுவிட்டு ஆறு மைல் நடை. சாயங்காலம் திரும்பவும் ஆறு மைல். கையில் மிஞ்சியது ஒரு மணி நேரம். அதையும் கண் சொருகாமல் படித்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொருவனும் ஒரு நோட்டில் தினம் படித்த நேரத்தைக் குறித்து வந்து திங்கட்கிழமை காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மற்ற நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு என்னுடையதை மட்டும் எடுத்து வாசிப்பார். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று. வகுப்பு சிரிக்கும். இதைக்கூட நான் பொறுத்திருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்தார். நான் அன்று சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே மறந்து வந்திருந்தேன். சந்தை முடிந்து அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வகுப்பு வாசலுக்கே வந்து நின்றார். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார். விரிவுரையாளர் அவரை யாரென்று கேட்டார். சொன்னதும், உள்ளே வாங்க என்று மிகுந்த மரியாதையாகக் கூப்பிட்டார்.

"ஒங்க பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரப் படிப்பே போதுமாம். ஏர் புடிக்கிறதுக்கு அது தாராளம். கூட்டிக்கிட்டுப் போயிடலாமே" என்றார்.

அப்பாவுக்கு அதில் இருந்த குத்தல் புரியவில்லை. பையனைப் பற்றி வாத்தியார் ஏதோ நல்லது சொல்கிறார் என்று நினைத்து, "சரிங்கய்யா, ஒங்க தயவுங்கய்யா" என்று கைகூப்பினார். நாற்பது பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தூக்கை என் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அன்று நான் சாப்பிடவில்லை. அந்த விரிவுரையாளரை இதே அறையில், இதே நாற்பது பேருக்கு முன்னால், தலை குனிந்து நிற்கவைக்காமல் இந்தக் கல்லூரியை விட்டுப் போவதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன்.

வீட்டில் இதை ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். என் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் மூன்று வருஷம் இருந்தாள். புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்ததும் தாலியைக் கழற்றி அவன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அதிகம் பேசமாட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, ஆறு மணி நேரம் படித்தால் அந்த ஆளை ஜெயிக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது, ஆனால் படிக்காமல் முடியாது என்றேன்.

மறுநாள் விடியலில் நான் போவதற்குள் அவள் கிணற்றடியில் மாட்டைப் பூட்டியிருந்தாள்.

பொம்பளை கவலை இறைக்கிறாள் என்று ஊர் பேசியது. அப்பாவே இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அக்கா மறுநாளும் மாட்டைப் பூட்டினாள். அவள் மாட்டை ஓட்ட, நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வடத்தில் உரசி அவள் உள்ளங்கை முதலில் கொப்பளித்தது, பிறகு காய்த்தது. நடக்கிற நேரத்தில் சூத்திரங்களை மனசுக்குள் ஓட்டினேன். மூன்று மாதத்தில் என் நோட்டிலும் ஆறு என்று எழுத முடிந்தது. அந்தத் திங்கட்கிழமை அவர் அதைப் பார்த்துவிட்டு, இப்போது பொய்யும் கற்றுக்கொண்டாயா என்றார். நல்லதாகப் போயிற்று. கொஞ்சம் தணிந்திருந்த நெருப்பில் அவரே நெய் விட்டார்.

பல்கலைக்கழகமும் பேராசிரியர்களும் மாணவன் எத்தனை மணி நேரம் தானாகப் படிக்க வேண்டும் என்று எத்தனையோ சொல்வார்கள். அந்த மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. என்னுடையது அக்காவின் கையிலிருந்து வந்தது. அதை நான் அறிவை வளர்க்கச் செலவிடவில்லை. ஒரு மனிதரை விழவைக்கச் செலவிட்டேன்.

இரண்டு வருஷம் மூத்த மாணவன் ஒருவனிடம் பழைய கணக்கு நோட்டை இரவல் வாங்கினேன். பிரித்துப் பார்த்தேன். எங்களுக்கு நடத்திய அதே கணக்குகள், அதே வரிசை. அவர் சிரிக்க வைத்த இடத்தில் அவன் ஓரத்தில் 'ஹாஸ்யம்' என்று எழுதி வைத்திருந்தான்; அதே ஹாஸ்யத்துக்குத்தான் நாங்களும் சிரித்திருந்தோம். எங்களுக்கு ஆறு மணி நேரம் கட்டளையிட்டவர் தானாக ஒரு மணி நேரம்கூடப் படிக்கவில்லை. எந்தக் காலத்திலோ எழுதி வைத்த ஒரு கட்டு நோட்டை வருஷா வருஷம் பலகையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இன்னும் நடத்தாத பகுதிகளை ஒவ்வொரு வரியாகச் சோதித்தேன். ஒரு கணக்கில் தவறு கிடைத்தது. பன்னிரண்டு பேரை நால்வர் நால்வராக மூன்று கூட்டமாகப் பிரிக்க எத்தனை வழி என்பது கேள்வி. முப்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது என்று விடை போட்டிருந்தார். எனக்கு அதில் ஆறில் ஒரு பங்குதான் வந்தது. பெயரில்லாத கூட்டங்களை முதல் கூட்டம், இரண்டாம் கூட்டம் என்று பெயர் வைத்து, ஒன்றையே ஆறு முறை எண்ணியிருந்தார். தவறு அவருடையதா என்னுடையதா என்று இரண்டு நாள் குழம்பினேன். சின்ன எண்ணாக வைத்துப் பார்ப்போம் என்று அக்காவிடம் கேட்டேன். நாலு மாடு இருக்கிறது, இரண்டு ஜோடியாகப் பிரிக்க வேண்டும், எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

அவள் மாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "மூணு. செவலையோட எதைச் சேக்குறோம்ங்கிறதுதான கணக்கு? மிச்ச ரெண்டும் தானா ஜோடியாயிரும்."

அவர் வழியில் போட்டால் ஆறு வரும் என்றேன். திரும்பி வந்ததிலிருந்து அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னாள்: "இப்பச் சொல்லிராத. பெரிய ஆளுக இருக்கப்பச் சொல்லு."

காத்திருந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் கல்லூரியைப் பார்வையிட வருகிற நாளில் அவர் எப்போதும் இந்தப் பாடத்தைத்தான் நடத்துவார் என்று மூத்த மாணவன் சொல்லியிருந்தான். அவருக்கு மிகவும் கைவந்த பாடம் அது. அந்த நாளும் வந்தது. இரண்டு பேர் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் சலவைக் கோட்டும் தலைப்பாகையுமாக அதே ஹாஸ்யங்களோடு நடத்தினார். அந்தக் கணக்கு வந்தது. விடையை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

நான் எழுந்தேன். நாலு மாட்டை இரண்டு ஜோடியாகப் பிரிக்க இந்த முறையில் எத்தனை வரும் என்று இங்கிலீஷில் கேட்டேன். ஆறு என்றார். அந்த ஆறையும் எழுதிக் காட்ட முடியுமா என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்வதற்குள் பின்னாலிருந்த பெரியவர், எழுதுங்களேன் என்றார்.

அவர் எழுதினார். மூன்று எழுதினார். நாலாவது எழுதும்போது அது முதல் வரியே என்று தெரிந்து அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். சாக்பீஸ் தூள் கோட்டுக் கையெல்லாம் அப்பியிருந்தது. "பையன் கேட்பது சரி" என்றார் பெரியவர். விரிவுரையாளர் பலகையைப் பார்த்தபடியே நின்றார். நான் உட்காரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்க்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். திரும்பினார். அந்த முகத்தில் எங்கள் அப்பா கைகூப்பியபோது இருந்த வெள்ளந்தித்தனம் கொஞ்சம்கூட இல்லை. என்ன நடக்கிறது என்று அவருக்கு முழுவதும் புரிந்திருந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை நோட்டுகளை அவர் கேட்கவில்லை. பலகையில் ஒரு வரி எழுதினால் இரண்டு முறை நோட்டைப் பார்த்தார். பையன்கள் பின்னாலிருந்து மாடு போலக் கத்தினார்கள். நான் கத்தவில்லை, கத்தியவர்களைத் தடுக்கவும் இல்லை.

இன்டர்மீடியட் பரீட்சை முடிவு வந்தபோது கணக்கில் எங்கள் கல்லூரியிலேயே நான்தான் முதல். இங்கிலீஷில் தோற்றிருந்தேன். ஆறு மணி நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட அதற்கு நான் கொடுக்கவில்லை. இங்கிலீஷில் எனக்கு எதிரி இல்லை.

வீட்டுக்கு நடந்து வந்து அக்காவிடம் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் சாணி மெழுகிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அது கெடக்குது. பலகைக்கு முன்னாடி அந்த ஆளு நின்னத இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, நாளையிலிருந்து மாட்டை நீ ஓட்டு, இங்கிலீஷுக்கு ஒரு மணி நேரம் போதும் என்றாள். செப்டம்பரில் மறுபடி எழுதினேன். அந்த ஒரு மணி நேரத்திலேயே தேறினேன்.

விரிவுரையாளர் அடுத்த வருஷம் வேலையை விட்டுத் தெற்கே ஒரு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். உத்தியோகத்தில் அமர்ந்த பின் ஒருமுறை அந்த ஊர் வழியாக பஸ்ஸில் போக நேர்ந்தது. வண்டி அரை மணி நின்றது. ஜன்னல் வழியாக விசாரித்தேன்; அவர் வீடு பக்கத்துத் தெருவில்தான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நான் போகவில்லை. வயதாகித் தளர்ந்து போயிருப்பார். என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, அன்றைக்கு என் அப்பாவிடம் தான் பேசியது தப்பு என்று சொன்னாலும் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? வண்டி கிளம்பும்வரை என் இடத்தைவிட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.