ஊறல் தொட்டி மோட்டாரும் அக்காவின் நெல்லும்

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மில்லின் டிரையருக்குள் என் அக்காவின் குறுவை நெல் மொத்தமும் ஈரமாகக் கிடந்தது. அறுத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் காயாவிட்டால் முளை கிளம்பிவிடும். அப்புறம் அந்த நெல்லைக் கோழிகூட யோசித்துத்தான் தின்னும்.

அவளை அங்கே அழைத்துவந்தவன் நான். டிரையரை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, நான் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது. "நம்ம மெஷின்க்கா" என்று நெஞ்சை வேறு நிமிர்த்தியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். மொபைல் கடையில் உட்கார்ந்து யூடியூபில் கற்ற புரோகிராமிங்தான் சோறு போடுகிறது. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசும் முழு இங்கிலீஷ்: "எஸ், எஸ்."

காலையிலிருந்து பெட்டி உறைந்து உறைந்து நின்றது. அது நின்றால் பாதுகாப்புக்காகச் சூடான காற்றும் நின்றுவிடும். நெல் தன் ஈரத்திலேயே புழுங்கும்.

"தம்பி, மத்தியானம் வரைக்கும் பாப்பேன்" என்றார் மில்காரர். "அப்பறம் ஒங்க நெல்ல எறக்கிட்டு அடுத்த லோடு ஏத்திடுவேன். வெளிய டிராக்டர் நிக்கிது பாருங்க."

"எறக்கி எங்கண்ணே கொட்டுறது, ஒங்க தலையிலயா?" என்றாள் அக்கா.

நான் லேப்டாப்பை மாட்டினேன். சாதாரணத் தப்பென்றால் ஒரே இடத்தில் விழும். இது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. பெட்டி உறைந்த நேரத்து மெமரியைப் பிரித்துப் பார்த்தால், பெட்டி தன் சொந்தக் கணக்குவழக்கை வைக்கும் இடத்தில் நெல் ரகமும் சூட்டின் அளவும் எழுதியிருந்தன. அவை மெமரி கார்டில் இருக்கவேண்டியவை. இங்கே யார் கொண்டுவந்து கொட்டியது?

தலைக்கு மேலே ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றியது. அதையும் திட்டினேன். பாதித் திட்டில்தான் உறைத்தது. பெட்டி செத்த ஒவ்வொரு தடவையும் நான் அந்த ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணே, ஃபேன் ஏன் அப்பப்ப சாவுது?"

"ஊறல் தொட்டி மோட்டாருப்பா. தண்ணி கொறஞ்சா தானா போட்டுக்கும்."

"இன்னிக்கு நிறுத்தி வைக்க முடியுமா?"

"தொட்டியில வேற ஆளு நெல்லு புழுங்கலுக்கு ஊறுது. அது நாறிப்போனா நீயா பதில் சொல்லுவ?"

எங்கள் ஆபீசில் கரண்ட் புது மாப்பிள்ளை மாதிரி தலைவாரிக்கொண்டு வரும். அதனால் இந்தத் தப்பு அங்கே முகமே காட்டியதில்லை. இங்கே மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கி, கார்டு தடுமாறுகிறது. கார்டைப் படிக்கும் டிரைவர் புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். இருந்தது.

"என்னதான்டா அதுக்கு?" என்றாள் அக்கா.

"நீ மேல் மடையில தண்ணி கேட்டுட்டு நிக்கிற. வரல. பொறுமை போயி, வயல இன்னொருத்தங்கிட்ட குடுத்துட்டு வந்துட்ட. அவன் நாத்துக்கு வெதை விட்டுட்டான். அப்பறம் நீ கேட்ட தண்ணி மெதுவா வந்து வெதைய அடிச்சிட்டுப் போவுது."

"தண்ணிய நிறுத்தச் சொல்லாமயா வயல குடுப்பாங்க?"

"இதுல குடுத்திருக்கோம்க்கா."

"சம்பளம் வேற வாங்குறீங்க."

கார்டு பதில் சொல்லாவிட்டால் முதலில் அதை நிறுத்து, நின்றதா பார், பிறகே அதற்கு ஒதுக்கிய மெமரி இடத்தை விட்டுக்கொடு, மறுபடி கேள். இவ்வளவுதான் எழுத வேண்டும். அவசரத்தில் அதற்குள்ளேயே புதிதாகத் தப்பு செய்து, அதையும் திருத்தினேன். ஆபீசில் என் தலைவருக்கு போன் போட்டேன். "டெஸ்ட் பண்ணாம போட்டுடாத" என்றார். டெஸ்ட் பண்ண அங்கே இருந்தது அக்காவின் நெல் மட்டும்தான்.

புதியதை ஏற்றினேன். காற்று கிளம்பியது. மில்காரர் மணியைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, மோட்டார இப்பவே போடச் சொல்லவா? திரும்பவும் நின்னா எறக்கிடுவாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தானா போட்டுக்குற மோட்டாருதானே. எப்படியும் போடும். போடச் சொல்லு."

மில்காரர் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் தளர்ந்தது. திரையில் ஒரு வரி வந்தது: கார்டு பதில் இல்லை. அடுத்த வரி: நிறுத்தப்பட்டது. அதற்கடுத்து எதுவும் வரவில்லை. எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாருக்கும் "எஸ், எஸ்" சொன்னேன்.

பெட்டி கார்டை மறுபடி படித்தது. டிரையர் இரைந்துகொண்டே இருந்தது.

அக்கா ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள். "இன்னும் மெத்துன்னுதான்டா இருக்கு."

"காயும்க்கா."

மில்காரர் வாசலுக்குப் போய் டிராக்டர்காரரிடம் கத்தினார்: "தார்ப்பாயப் போட்டு மூடுப்பா, நேரமாவும்!"