மணப்பாடு பஸ்ஸில் ஜன்னலோரம்

பினாங்கில் பிறந்த எனக்கு இந்தியா புதிது. தூத்துக்குடியில் ரயிலிறங்கி, மணப்பாடு பஸ் ஏறியிருக்கிறேன். திருச்செந்தூர் தாண்டியதும், சாலையில் காற்று குவித்த செம்மணலில் சக்கரம் புதைகிறது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுகிறோம். என் முதுகுப்பையை ஜன்னலோரம் இருக்கும் மீன்கார அம்மாள் வாங்கி வைத்துக்கொள்கிறாள். பாஸ்போர்ட் அதற்குள்தான்.

பஸ் உறுமிக்கொண்டு மணலைக் கடந்து, நிற்காமலே போகிறது. பதறி ஓடுகிறேன். மற்றவர்கள் சிரித்தபடி நிதானமாக நடக்கிறார்கள். கெட்டித்தரை வந்த பிறகே டிரைவர் நிறுத்துகிறார்.

மூச்சிரைக்க ஏறுகிறேன். அந்த அம்மாள் முன்வரிசை ஜன்னலோரத்துக்கு மாறியிருக்கிறாள், என் பை அவள் மடியில்.

"எந்த ஊரு தம்பி?"

"பினாங்கு."

அவள் முகம் மலர்கிறது. "எங்க வீட்டுக்காரவ அங்கனதான் கப்பல்ல போயிருக்காவ! நீங்க ஜன்னலோரம் இருங்க. அந்த வளைவு தாண்டுனா எங்க கடல் தெரியும்."