திரேபியுஸ் விரல் தூக்கிய உச்சிவேளை

காப்புவா நகரம். செப்டம்பர் பிறக்க இன்னும் ஐந்து நாள்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. உச்சிவேளையில் அரங்கில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம் என்று மெழுகுப் பலகையில் எழுதியிருந்தேன். இன்று அதைத் தேய்த்து அழித்துவிட்டேன். மூன்று பேர் இருந்தோம்.

நடந்தது நிஜம். நான் குடித்திருக்கவில்லை. காலையில் ரொட்டியும் வெங்காயமும்தான். கண்டதைக் கண்ட வரிசையில் எழுது என்று மாலை வகுப்பு வாத்தியார் சொல்வார். அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

வாளுக்கு லத்தீனில் கிளாடியுஸ் என்று பெயர். அதை ஏந்தி அரங்கில் இறங்குகிறவன் கிளாடியேட்டர். அவர்களுக்கு நடுவே நீண்ட கோலோடு நிற்கும் நடுவர்களான எங்களுக்குக் கோலின் பெயர். திரேபியுஸ் பெரிய கோல். நோவியுஸ் என்கிற நான் சின்னக் கோல். தோற்றவன் சுட்டுவிரலைத் தூக்கினால் சரணடைந்துவிட்டான் என்று பொருள். அந்தக் கணமே கோல் குறுக்கே விழ வேண்டும். பெரியவர் தவறவிட்டால் சின்னவன் போட வேண்டும். தானாக வழுக்கி விழுந்தவனுக்கு அது தோல்வி ஆகாது; வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து ஆடலாம்.

போன ஆட்டத்தில் எங்கள் வாள்பயிற்சிப் பள்ளி வீரன் லீக்குஸ், எதிராளியைக் கீழே தள்ளி அவன் வாளையும் பறித்துவிட்டான். எதிராளி விரலைத் தூக்கினான் என்று கூட்டமே சொல்கிறது. லீக்குஸ் பின்வாங்கி நின்று திரேபியுஸைப் பார்த்தான்.

"தானா வழுக்கி விழுந்தான். வாளைத் திருப்பிக் குடு. எழுந்து ஆடு" என்றார் திரேபியுஸ்.

லீக்குஸ் கொடுத்தான். அடுத்த மூச்சில் அதே வாள் அவன் விலாவில் இறங்கியது. மூன்றாம் நாள் செத்தான்.

நான் பின்னால் நின்றிருந்தேன். கண்ணில் வெயில். விரலை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று, அடுத்த ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட நானும் திரேபியுஸும் போனோம். வாசலில் வலைவீரன் மிர்ட்டிலுஸ் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பெரிய கோலு, இந்த வெயில்லயா? உள்ள லீக்குஸ் சுத்துறானாம். நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"போடா பார்லித் தின்னி. உன் வலையில முதல்ல ஒரு ஈயைப் புடி" என்று சிரித்துக்கொண்டே நடந்தார்.

உள்ளே ஆள் இல்லை. மணலை நான்தான் காலையில் வாரி மட்டம் செய்திருந்தேன். எங்கள் நிழல் எங்கள் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பாதிக் கோடு போட்டபோதுதான் கவனித்தேன். கோட்டின் மேல் இன்னொரு நிழல்... சாயங்கால நிழல் போல நீளமாக.

பந்தல் கம்பம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கம்பம் இன்னும் நடவே இல்லை.

டக்... டக்... கேடயத்தில் வாளைத் தட்டும் சத்தம். பிணம் எடுக்கும் வாசல் பக்கமிருந்து.

"எவன்டா அது?" என்றார் திரேபியுஸ்.

சத்தம் நின்றது. அவர் விழுந்தார்.

"வழுக்கிருச்சுப்பா" என்று சிரித்தபடி எழுந்தார். காய்ந்த மணல். எப்படி வழுக்கும்?

மறுபடி விழுந்தார். இம்முறை சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை மல்லாந்து விழுந்தார். தன் மேல் குனிந்த எதையோ பார்த்தார். மெல்லச் சுட்டுவிரலைத் தூக்கினார்.

"நோவியுஸ்... கோலைப் போடுடா... நிறுத்தச் சொல்லு..."

ஓடிப்போய்க் கோலைக் குறுக்கே நீட்டினேன். ஏதோ ஒன்று அதைத் தட்டிவிட்டது. என் மணிக்கட்டு இன்னும் நீலமாக இருக்கிறது.

காதருகே ஒரு குரல்... ஈரமான குரல்.

"தானா விழுந்தான்."

திரேபியுஸின் கழுத்துத் துணி இறுகியது. யாரோ தூக்கி நிறுத்தியதுபோல எழுந்தார்.

"எழுந்து ஆடு."

விழுந்தார்.

எழுந்தார்.

விழுந்தார்...

விரல் மட்டும் மேலே.

பிறகு அதுவும் இல்லை.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, வெயில்தான் காரணம் என்றார் வைத்தியர். பள்ளி எசமான் பிணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுத்த ஆட்டத்துக்கு நீதான் பெரிய கோல்."

"எசமான், வேற யாரையாவது..."

"வேற யாரு இருக்கா? நீ சொல்லு."

இன்று சாயங்காலம் மிர்ட்டிலுஸ் வந்தான். லீக்குஸ் சாகும்வரை மூன்று நாளும் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். கிண்டல் எதுவும் பேசவில்லை.

"சின்னக் கோலு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். குத்துனவனைப் பத்தி லீக்குஸ் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு பேரோட பேரத்தான் கேட்டான். கோல் புடிச்ச ரெண்டு பேரு."

"சொல்லிட்டியா?"

"சாகப் போறவன் கேக்குறான்... சொன்னேன். உன் பேரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்."

நாளைய வேலை: விடிந்ததும் மணலை வார வேண்டும். அழிந்த சுண்ணாம்புக் கோட்டை மறுபடி போட வேண்டும். முதல் ஜோடி உச்சிவேளையில் இறங்குகிறது. பெரிய கோல் நான்.