பத்து நாள் பள்ளம்

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. வடக்கு சிலாங்கூரில் எந்த வாரம் எத்தனை பெட்டி பீர் போகும் என்று கணினி முன்கூட்டியே சொல்லும் படம் அது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளை ஒருத்தி திரையில் விரலை ஓட்டி, "பாருங்கக்கா, லைன் எவ்ளோ ஸ்மூத்தா இருக்கு!" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆனால் என் கண் அந்தக் கோட்டில் ஒரு பள்ளத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தவள் நான்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் கோலா சிலாங்கூர் கிடங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் பீர் பெட்டிகளை வாங்கி அடுக்கி, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அனுப்பும் இடம். உள்ளே நுழைந்தால் முதலில் மூக்கைத்தான் பிடிக்கத் தோன்றும். திரும்பி வந்த காலி பாட்டில்களின் அடியில் மிச்சமிருக்கும் பீர் புளித்து, ஈரக் கோணிச் சாக்கு மாதிரி ஒரு வாடை. தலைமுடியில் ஏறினால் எத்தனை தடவை குளித்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அம்மா முன்வரிசையில் நின்று பாடுவார். நான் கதவோரமாகக் காற்றுப் பார்த்து உட்காருவேன். யாராவது கேட்டால், "குளிர்பானக் கம்பெனியில வேல" என்பார் அம்மா. பீரும் குளிர்ந்த பானம்தானே, அதில் பொய் ஒன்றும் இல்லை.

எந்தக் கடைக்கு எந்த நாள் எத்தனை பெட்டி என்று திட்டம் போட்டு லோரியை அனுப்புவது என் வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். அப்பா இடுப்பு முறிந்து படுத்துவிட்டதால் வீட்டில் சம்பாதித்தது நான் ஒருத்திதான். அதனால் அந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியைத் தவுக்கே என்போம். சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை கிடங்கின் மூலையைக் காட்டி, "இந்த நாப்பது பெட்டி ஞாயித்துக்கெழமயோட தேதி முடியுது. நாளைக்குப் போயாகணும். பீர் திரும்பி வந்துச்சு, நீயும் வீட்டுக்குத் திரும்பிப் போ லா" என்றார். சிரிக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போன வருடப் பட்டியலைப் புரட்டினேன். ஈஜோக் பக்கத்துத் தோட்டக் கடை ஒன்று, போன வருடம் இதே வாரம், ஒரே சனிக்கிழமையில் ஐம்பது பெட்டி இறக்கியிருந்தது. அடடா, நாற்பதும் இரண்டே நாளில் காலியாகிவிடும்! கடைக்கு ஒரு போன் கூடப் போடாமல் சீட்டு எழுதிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை பெட்டி இறக்கும் ஆட்கள் இரண்டு பேரும் வரவில்லை. கோயில் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஓட்டுநர் முனியாண்டி அண்ணன் மட்டும் வந்தார். அதே தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த நூல், பக்கத்தில் நின்றால் பச்சை மஞ்சள் வாசனை.

"என்னண்ணே கையில?"

"காப்பு ம்மா. மாரியம்மன் திருவிழா. லோரி ஓட்டுறேன், ஆனா பெட்டியத் தொட மாட்டேன். யாரயாச்சும் கூட அனுப்பு."

கூட அனுப்ப யார் இருந்தார்கள்? நானே முன்சீட்டில் ஏறினேன். பெட்டியைத் தொடாத ஓட்டுநரும் பெட்டியைத் தூக்கத் தெரியாத, கணக்கெழுதும் கிராணியும் கிளம்பினோம். இவ்வளவு நடந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

தோட்டத்து நுழைவு வளைவுக்கு வெளியே, சாலையோரம் கடை. கடைக்காரர் லெட்சுமி அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஐயோ கண்ணு, இதென்ன கூத்து! காப்பு கட்டி மூணு நாளாச்சு. பத்து நாளைக்கு இந்தத் தோட்டத்துல ஒருத்தன் வாயில படாது. அங்க பாரு!"

பார்த்தேன். பீர் அடுக்கும் குளிர்பெட்டியை மஞ்சள் சேலை ஒன்றால் மூடி, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். போன வருடம் அந்த வாரம் காப்பு அவிழ்த்த மறுநாளாம். பத்து நாள் தாகம் ஒரே நாளில் தீர்ந்ததுதான் அந்த ஐம்பது பெட்டி. அம்மன் திருவிழா ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படுமா? ஈஸ்டர் வருடா வருடம் இடம் மாறுவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

"நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"தோட்டத்து மேனேஜருங்க போற தொர கிளப்புக்குன்னு நெனச்சேன் தங்கச்சி. படிச்ச புள்ள, இந்த நேரத்துல கடைக்கு எழுதுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லோரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அப்பாவின் மருந்து, அம்மாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்தன. அண்ணன் கடைப் போனை எடுத்து யார் யாருக்கோ போட்டார். பல கடைகள் கைவிரித்த பிறகு, மூன்று மணி வாக்கில், "சுங்கை ஆயர் தாவார்ல ஒரு கடையில நாளைக்குக் கல்யாண விருந்தாம். நாப்பதையும் எடுத்துக்கறாங்களாம். ஏறு" என்றார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

சுங்கை ஆயர் தாவார் எங்கள் எல்லைக்கு வடகோடி. தஞ்சோங் காராங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சிகிஞ்சானில் நெல்லறுப்பு. அறுவடை இயந்திரம் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஆமையாக ஊர, பின்னால் நெல் லோரிகளின் வரிசை. அண்ணன் கையில் இருந்த நூலைத் திருகிக்கொண்டே வானத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். நாலரை மணி.

"ஏண்ணே, அவசரமா?"

முதலில், ஒன்றுமில்லை என்றார். விடாமல் கேட்டதும் சொன்னார். காப்புக் கட்டியவன் பகலில் எங்கும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் தோட்ட எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும். வெளியே இருட்டினால் விரதம் போயிற்று, தீ மிதிக்க முடியாது. அண்ணிக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. இப்போது ஏழாவது மாதம். அதற்கான வேண்டுதல்.

"அப்புறம் ஏண்ணே வந்தீங்க?"

"நீ அழுதியே ம்மா" என்றார், சாலையைப் பார்த்தபடி. "போயிட்டு வந்துரலாம். ஆத்தாளுக்குத் தெரியாதா?"

பெரிய தியாகி போல உடனே முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மனசுக்குள் கணக்குப் போட்டேன். போய், நாற்பது பெட்டியையும் நான் ஒருத்தியே இறக்கி, திரும்பினால் எட்டு மணிக்கு மேலாகும். மழை விட்டால்? வண்டி வேகமாகப் போனால்? எப்படிப் போட்டாலும் இருட்டிவிடும். என் வேலை போனால் வேறு வேலை தேடலாம். அந்த அண்ணி முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர் வாசலில் நின்று பாதையைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"திருப்புங்கண்ணே."

"ஏய், தவுக்கே உன்னய..."

"திருப்புங்கன்னா திருப்புங்க!"

தோட்டத்து நுழைவு வளைவை அடையும்போது உறுமிச் சத்தம் கேட்டது, வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பீர் லோரியை எல்லைக்குள் ஓட்ட மாட்டேன் என்று அண்ணன் பெரிய சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் வளைவைத் தாண்டியதும் நான் வாய்விட்டுச் சிரித்தேன், அழுகையும் வந்தது. கடைப் போனில் கிடங்குக்குச் சொன்னேன். வண்டியை எடுக்க அங்கிருந்து வேறு ஆள் வரும்வரை நான் காவல். சற்று நேரத்தில் அண்ணன் ஒரு செம்பில் கூழோடு திரும்பி வந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கையை மட்டும் நீட்டிக் கொடுத்தார். ஆள் வரும்வரை அங்கேயே நின்று கதை பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கூழின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

திங்கட்கிழமை தவுக்கே முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய மஞ்சள் நூல் ஒன்றை எடுத்துப் போட்டார். வருடா வருடம் அவர்களுடைய ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு ஒன்பது நாள் சைவம் இருந்து கையில் கட்டும் நூல்.

"அந்த ஒம்பது நாளும் நான் இந்தக் கடைப் பீரத் தொட மாட்டேன். நீ என்னயக் கேட்டியா? லெட்சுமியக் கேட்டியா? கேக்கணும் லா!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கி, "அவன் பொண்டாட்டி நல்லாருக்காளா?" என்றார்.

வேலை போகவில்லை. காலி பாட்டில்கள் ஆலைக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், நாற்பது பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றியது மட்டும் என் தண்டனை. மறுநாள் பெரிய அட்டை ஒன்றில் எந்தத் தோட்டத்தில் என்றைக்குக் காப்பு என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பத்து நாள் பள்ளம், உடனே ஒரு மேடு. பதினைந்து வருடம் அந்த அட்டை பொய் சொன்னதில்லை. அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு வருடா வருடம் போன் வரும்: "தங்கச்சி, காப்பு கட்டியாச்சு. எழுதிக்கோ."

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்துக்காரர்கள் செரண்டா, ரவாங் என்று அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள். அண்ணன் இப்போது செரண்டாவில். இந்த வருடம் போன் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானே கூப்பிட்டேன். அவர் மகள் எடுத்தாள். தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள்.

"கோயில எடம் மாத்திட்டாங்க ஆன்ட்டி. இப்பல்லாம் சனிக்கிழம காப்பு, ஞாயித்துக்கிழம அவுத்துருவாங்க. யாருக்கும் லீவு கெடைக்கல லா. இருங்க, அப்பாட்ட தரேன்."

அண்ணனின் குரல் தேய்ந்திருந்தது. "கட்டுனேன் தங்கச்சி. ஆனா எந்த எல்லைக்குள்ள திரும்புறதுன்னுதான் தெரியல. பத்தாவது மாடியில உக்காந்துட்டிருந்தேன்."

பிறகு கேட்டார், "எங்கம்மா இருக்க, ஆபீஸ்லயா?"

"ஆமாண்ணே."

"இருட்டப் போவுது. வீட்டுக்குப் போ ம்மா."